பார்லர் விஜயகுமாரியின் மருத மரம்

ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி, அட்டைப்பெட்டி குடோனுக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் விஜயகுமாரி ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கும். உள்ளே போனால் நாலு சுவரிலும் மரங்கள். புருவம் எடுக்க நாற்காலியில் சாய்ந்தால் மேலே கூரையில்கூட ஒரு நாவல் கிளை தெரியும். நூல் இழுக்கும்போது யாராவது 'ஸ்ஸ்' என்றால், "மேல பாரும்மா, பழத்த எண்ணு" என்பாள். அங்கே பழமே கிடையாது. தேடி முடிப்பதற்குள் இரண்டு புருவமும் முடிந்திருக்கும்.

இந்த மரங்கள் எல்லாம் மெழுகில் ஆனவை. கால் முடி எடுக்கிற வேலையிலிருந்து பிறந்தவை என்பதை விஜயகுமாரி யாரிடமும் மறைப்பதில்லை. கலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிலர் கடவுளைக் காட்டுவார்கள். அவள் வேக்ஸ் ஹீட்டரைக் காட்டுவாள்.

மாதனூர்ப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். ஸ்டிச்சிங் லைனில் வேலை. வருஷக்கணக்கில் வெளிநாட்டுக்காரன் காலுக்கு ஷூவின் மேல்தோல் தைத்தாள். அந்தக் கால்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. லைனுக்கு சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி. டார்கெட் என்ற சொல்லை அவர் பல்லில் ஒட்டிய பாக்கு மாதிரி வாயிலேயே வைத்திருப்பார். பாத்ரூம் வாசலில் கையில் வாட்சோடு நிற்பார். "இன்னாம்மா, உள்ள குடித்தனம் வெச்சிட்டியா?" என்று கேட்பார்.

ஒருநாள் விஜயகுமாரி வெளியே வந்து, முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"ஒரு டவுட்டு சார். உங்களுக்கு வயித்தால போனா யாரு சார் வாட்ச் புடிப்பாங்க?"

லைன் மொத்தமும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. மறுநாள் கேட்டில் அவளுடைய கார்டு வேலை செய்யவில்லை. அப்படித்தான் அவள் தையற்காரியிலிருந்து அழகுக்கலை நிபுணி ஆனாள். வேலூரில் கோர்ஸ் முடித்தாள், நகையை அடகு வைத்தாள், பலகை மாட்டினாள்.

மரம் வந்தது பிறகுதான். ஒரு மத்தியானம், வெயிலுக்குப் பயந்து தெருவில் நாய்கூட இல்லாத நேரத்தில், ஹீட்டரிலிருந்து மெழுகு வழிந்து தரையில் கிடந்த ஷூ பெட்டி அட்டைமேல் விழுந்தது. திட்டிக்கொண்டே சுரண்டினாள். சுரண்டின இடத்தில் வெடிப்பு வெடிப்பாக ஏதோ தெரிந்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கருவேலம் பட்டை. அப்படியே அச்சு. புருவப் பென்சிலை எடுத்து இரண்டு கிளை இழுத்தாள், பல்குத்தும் குச்சியால் நாலு முள்ளைக் கீறினாள். அன்று சாயங்காலம் வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் டார்கெட் கேட்காத வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வேலைக்குப் பெயர் இருக்கிறது என்று சொன்னவள் ஜஹீருன்னிசா. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், மாதம் தவறாத கஸ்டமர்.

"அக்கா, இது பெரிய ஆர்ட்டு. ரொம்பப் பழசு. என்காஸ்டிக்னு பேரு. தேன்மெழுக உருக்கி, கலர் கலந்து, பலகைல பூசி, திரும்பச் சூடு காட்டி ஒட்டவெப்பாங்க. பாருங்க, போன்ல இருக்குது."

இந்தச் செய்தியை ராத்திரி சாப்பாட்டில் புருஷன் சம்பத்திடம் சொன்னாள். சம்பத் தோல் பதனிடுகிற கம்பெனியில் டிரம் ஓட்டுகிறவன். சோற்றில் கையை நிறுத்தினான்.

"காஸ்டிக்கா? கம்பெனில அந்த மூட்ட கிட்டவே போவாதன்னு போர்டு வெச்சிருக்கான். கை வெந்துடும். அத வெச்சா நீ மரம் வரையிற?"

"யோவ், அது உன் காஸ்டிக். இது என் காஸ்டிக்."

சம்பத்துக்கு அது நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "அவ காஸ்டிக் வேற" என்று விளக்கம் சொல்லத் தொடங்கினான்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் விளங்கியது. இந்தக் கலைக்கு என்னென்ன சாமான் வேண்டுமோ அத்தனையும் ஒரு பார்லரில் ஏற்கெனவே இருக்கிறது. உருக்க ஹீட்டர். ஒவ்வொரு பூச்சையும் கீழ்ப் பூச்சோடு இளக்கி ஒட்டவைக்க ஹேர் டிரையர். வழவழப்பாக்க ஸ்ட்ரெய்ட்னர். கீற, நகத்துக்குள் அழுக்கெடுக்கும் குச்சி. நிறத்துக்குத்தான் அலைந்தாள். கோலப்பொடி மெழுகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குங்குமம் சில வாரங்களில் ஆட்டு ஈரல் நிறமாகிவிட்டது. கடைசியில் கண்ணாடி அலமாரியில் விலைபோகாமல் கிடந்த லிப்ஸ்டிக்குகளை ஒடித்து உருக்கிப் பார்த்தாள். கலியாண முருங்கைப் பூ சுடச்சுடப் பூத்தது. ஆம்பூரில் எந்தப் பெண்ணும் பூசத் துணியாத அந்தச் சிவப்பு, பூவுக்கு அசலாகப் பொருந்தியது.

தேன்மெழுகு, அமிர்திக் காட்டுப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவரும் மலைக்காரர் ஒருவரிடம் வாங்கினாள். நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கி இடித்துக் கலந்தால் மெழுகு கெட்டிப்படும், வெயிலுக்கு அசையாது என்று ஜஹீருன்னிசா போனில் பார்த்துச் சொன்னாள். அட்டையிலிருந்து பிளைவுட்டுக்கு மாறினாள். சுவர் நிறைந்தது.

ஜஹீருன்னிசா மூலமாகத்தான் அன்பரசன் வந்தார். வங்கியில் காசாளர். 'பாலாற்றுப் பசுமைக் கரங்கள்' என்ற அமைப்புக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர். ஞாயிறுதோறும் கன்று நடுவார். நல்ல மனிதர்தான். சுற்றுவட்டார ஆடுகளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். போன வருஷம் நட்ட குழியிலேயே இந்த வருஷமும் நடுவதால் குழி வெட்டும் செலவு மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் பெண்கள் பார்லருக்குள் நுழையக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். விஜயகுமாரி ஒவ்வொரு படமாக வெளியே கொண்டுவந்து காட்டினாள்.

"இது இன்னா?"

"தூங்குமூஞ்சி சார்."

"இது நாட்டு மரம் இல்லம்மா. வெளிநாட்டுலேர்ந்து வந்தது. அந்த செம்மயில் கொன்றையும் அப்படித்தான். எடுத்துடுங்க."

"எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து ரோட்டோரம் நிக்குது சார். இன்னுமா ரேஷன் கார்டு குடுக்கல?"

அன்பரசன் சிரிக்கவில்லை. மரம் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. அடுத்த படத்தைப் பார்த்தார். "புங்கம்பூ மஞ்சளா இருக்காதும்மா. வெள்ளையும் லேசான ஊதாவுமா இருக்கும்."

அன்று சாயங்காலமே விஜயகுமாரி தாலுகா ஆபீஸ் பக்கம் இருந்த புங்க மரத்தடியில் போய் நின்று உதிர்ந்ததைப் பொறுக்கிப் பார்த்தாள். வெள்ளையும் லேசான ஊதாவும். இத்தனை வருஷம் அதன் நிழலில்தான் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அன்பரசன்மேல் வந்த கோபம் அவர் சரியாகச் சொன்னதால்தான் வந்தது என்பதால், அதை யாரிடமும் காட்டவும் முடியவில்லை. பார்லருக்குத் திரும்பி வந்து மஞ்சளைச் சுரண்டி எடுத்தாள்.

அவர் வந்த காரியம் இது. சுற்றுச்சூழல் தினத்துக்கு வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. நாட்டு மரங்கள் கண்காட்சி. படங்கள் எல்லாம் விஜயகுமாரியுடையவை. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மருத மரம் வேண்டும். பாலாற்றங்கரை மரம், அதுதான் விழாவுக்கே முகம். "உங்க பேரு நோட்டீஸ்ல போடுவோம்" என்றார். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டியை முன்பணம் மாதிரி நீட்டினார்.

பேரு நோட்டீஸில் வரும் என்றதும் விஜயகுமாரிக்குத் தலைக்குள் ஏதோ ஏறிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் எதிலும் அச்சானதில்லை. கதவு அளவுக்கு பிளைவுட் வாங்கினாள். இலையும் கிளையும் நன்றாக வந்தன. அடிமரத்துக்கு வந்தபோது தேன்மெழுகு தீர்ந்துவிட்டது. மலைக்காரருக்குப் போன் போட்டாள்.

"இப்போ இல்லம்மா. மழ வரட்டும்."

"விழா வந்துடுச்சு அண்ணே."

"அத தேனீகிட்ட சொல்லுங்க."

விழா நெருங்கியது. அலமாரியில் பார்லர் மெழுகு டப்பா டப்பாவாக இருந்தது. கொஞ்சம் எடுத்து, டால்கம் பவுடர் கலந்து, ஓரத்தில் பூசிப் பார்த்தாள். மருத மரத்தின் பட்டை மற்ற மரங்கள் மாதிரி முரட்டுப் பட்டை இல்லை. வழவழவென்று, சாம்பலும் ரோஜாவும் கலந்து, மனிதத் தோல் மாதிரி இருக்கும். பார்லர் மெழுகில் அந்த மினுமினுப்பு அப்படியே வந்தது. தோலோடு பழகவே பிறந்த மெழுகு அல்லவா. ஆனால் அது ஒட்டுவதற்கு அல்ல, உரிப்பதற்கென்று செய்த மெழுகு. லேசான சூட்டிலேயே இளகிவிடும். இது விஜயகுமாரிக்குத் தெரியும். தெரிந்தேதான் அடிமரம் முழுக்க அதைப் பூசினாள்.

கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது. வேலூருக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை. மண்டபத்தில் ஏசி இல்லை. மின்விசிறிகள் சூடான காற்றை இங்கிருந்து அங்கே மாற்றி வைத்துக்கொண்டிருந்தன. விஜயகுமாரி காலையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் முடித்துவிட்டு, சாமான் பையோடு நேராக வந்து இறங்கினாள். மருத மரம் மேடையில் கம்பீரமாக நின்றிருந்தது. அதன் முன்னால் குத்துவிளக்கு, பக்கத்தில் வீடியோக்காரனின் ஃபோகஸ் லைட். இரண்டையும் தள்ளி வைக்கச் சொல்ல அன்பரசனைத் தேடினாள். அவர் சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலுக்கு ஓடியிருந்தார்.

சிறப்பு விருந்தினர் யாரென்று மேடையில் ஏறிய பிறகுதான் பார்த்தாள். சுந்தரமூர்த்தி. இப்போது அதே கம்பெனியில் ஜெனரல் மேனேஜர். தலையில் முடி குறைந்திருந்தது, கையில் குறையவில்லை. அரைக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அவர் விளக்கேற்றினார். பிறகு பேசினார். மரம் நமக்குத் தாய் என்றார், தந்தை என்றார், டாக்டர் என்றார். வாட்ச் வைத்துப் பெண்களை அளந்தவர் தன் பேச்சுக்கு மட்டும் வாட்ச் பார்க்கவில்லை. அவர் மரத்தை மாமா என்று அழைக்கும் கட்டத்துக்கு வந்தபோது, பின்னால் அடிமரம் மெல்லப் பளபளத்தது. அப்புறம் இளகியது. ஒரு கொழுத்த மனிதர் நாற்காலியில் உட்காருவதுபோல மரம் தன் இடுப்பை இறக்கிக்கொண்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தன் பேச்சில்தான் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து சுந்தரமூர்த்தி குரலை உயர்த்தினார்.

"சார், பின்னாடி" என்றார் அன்பரசன்.

சுந்தரமூர்த்தி திரும்பினார். மருத மரத்தின் அடிப்பாகம் மொத்தமாக வழுக்கி வந்துகொண்டிருந்தது. மனிதனுக்கு விழுகிறதைத் தாங்கத்தான் தோன்றும். அவரும் வலது கையைக் கொடுத்தார். மரம் அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாய்ந்து, இளஞ்சூட்டோடு ஒட்டிக்கொண்டது.

கையை இழுத்தார், வரவில்லை. அன்பரசன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து ஊற்றினார். அதனால் மெழுகு இறுகியதுதான் மிச்சம். அதற்குள் விஜயகுமாரி பையோடு மேடையில் ஏறிவிட்டாள். கை தன் வேலையைத் தானே பார்த்தது. பலகையிலிருந்து மெழுகை அறுத்துப் பிரித்தாள். பவுடர் தூவினாள், வேக்ஸிங் துணியை மேலே வைத்துத் தேய்த்தாள்.

சுந்தரமூர்த்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ ஸ்டிச்சிங் லைன் விஜயகுமாரிதானே?"

"ஆமா சார். அசையாதீங்க. மூச்ச உள்ள இழுங்க."

இழுத்தார். அவளும் இழுத்தாள்.

மைக் ஆனில் இருந்தது. மரம் நமக்குத் தாய் என்று அவர் அரை மணி நேரமாகச் சொன்னதைவிட, அந்த ஒரு 'அம்மா' மண்டபத்தில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. இன்னும் இரண்டு பட்டி மெழுகு பாக்கி இருந்தது. அவற்றையும் எடுத்தாள். கை சுத்தமாக, பளபளவென்று, கல்யாணப் பெண்ணின் கை மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்ட, அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மானத்துக்குத்தான் ஆனது.

ராத்திரிக்குள் வீடியோ வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை போய் வந்துவிட்டது. மறுநாள் அன்பரசன் போனில் வந்தார். அவர் கத்தவில்லை. "நாலு பேரு மரத்தப் பத்தி யோசிப்பாங்கன்னு நெனச்சேம்மா. இப்ப ஊரே முடியப் பத்தி யோசிக்குது" என்றார். வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

சம்பத் சமாதானம் சொல்லப் பார்த்தான். "வெயிலு ஜாஸ்தி. நீ இன்னா பண்ணுவ?"

"வெயிலு இல்லய்யா. பேரு வரணும்னு கண்ணு மறைச்சிடுச்சு. உருகும்னு தெரியும் எனக்கு."

அவள் அழுவதைச் சம்பத் அதுவரை ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தான், கார்டு வேலை செய்யாத அன்றைக்கு. எழுந்து போய் மிச்சமிருந்த மக்கன் பேடாவைக் கொண்டுவந்து வைத்தான். அவள் அழுதுகொண்டே தின்றாள்.

பல வாரங்கள் எந்த மரத்தையும் தொடவில்லை. பார்லருக்குக் கூட்டம் மட்டும் கூடியது. ஜெனரல் மேனேஜருக்கே வேக்ஸிங் செய்தவள் என்பது இந்தத் தொழிலில் சின்ன விளம்பரமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரமூர்த்தியே போன் செய்தார். ரொம்ப நேரம் சுற்றி வளைத்தார். வலது கையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை. இடது கை பழையபடி கரடி மாதிரி இருக்கிறது. கம்பெனியில் டீ கொடுக்கும் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள், வீட்டில் சம்சாரம் சிரிக்கிறாள். அந்தக் கையையும் இதே மாதிரி செய்துவிட்டால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

"பார்லர் பொம்பளைங்களுக்கு மட்டும் சார்."

"தெரியும்மா. பின்பக்கமா வர்றேனே."

பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ஊர்வாய்க்குப் பயந்து சம்பத்தைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சம்பத் கண் கொட்டாமல் பார்த்தான். ஒரு பட்டி எடுத்ததும் சுந்தரமூர்த்தி வலியை மறக்க, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சுவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வரையிற. நம்ம கேன்டீன் பக்கத்து வேப்ப மரத்த வரைஞ்சதில்லையா?"

"அங்கதான சார் சாப்புடுவோம். இப்ப இல்லயாமே."

"கன்டெய்னர் லாரி திரும்ப எடமில்ல. வெட்டிட்டோம்."

"வெட்டச் சொன்னது யாரு சார்?"

சுந்தரமூர்த்தி கையைப் பார்த்தார். "நான்தான்."

அடுத்த பட்டியை விஜயகுமாரி மெதுவாக இழுத்தாள். மெதுவாக இழுத்தால்தான் வலி அதிகம்.

முடிந்த பிறகு அவர் எழுந்து நின்று, அந்த வேம்பு கிடைத்தால் ரிசப்ஷனில் மாட்டலாம் என்றார். முடியாது என்றாள். வேண்டுமானால் ஒரு புங்கம் தருகிறேன், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள் என்றாள். வாங்கிக்கொண்டு, இரண்டு வழுவழுப்பான கைகளாலும் மார்போடு அணைத்தபடி சந்து வழியாகப் போனார்.

அன்றைக்கே ஹீட்டரைப் போட்டாள். மழை வந்து மலைக்காரர் மெழுகு கொடுத்திருந்தார். குங்கிலியம் இடித்தாள். வேம்பைத் தனக்காகவே போட்டாள். ஒரு போட்டோ கிடையாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். நினைவில் இருந்து அடிமரம் போட்டாள், கிளை போட்டாள். சாப்பாட்டுப் பை மாட்டுகிற தாழ்ந்த கிளை எந்தப் பக்கம் என்பதில்தான் சந்தேகம் வந்தது. இன்னும் லைனில் இருக்கும் எழிலரசிக்குப் போன் செய்தாள்.

"பாத்ரூம் பக்கம்தானடி?"

"கேன்டீன் பக்கம்டி. காக்கா வந்து சாம்பார்ல பேண்டுச்சே, மறந்துட்டியா?"

"அது மேல் கிளை."

"உனக்கு வேலைய விட்டதும் புத்தியும் போய்டுச்சு."

இந்தச் சண்டை வாட்ஸப்பில் பழைய லைன் முழுக்கப் பரவியது. ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள். விஜயகுமாரி கிளையை இளக்கி எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள், மறுபடி எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள். மெழுகில் அது ஒரு வசதி, சூடு காட்டினால் செய்த தப்பு கைக்கு வந்துவிடும். ஜஹீருன்னிசா பார்த்துவிட்டு, இத்தனை தரம் எடுத்து வைத்ததில் பட்டை அசல் வேம்பாகவே தடித்துவிட்டது என்றாள். படத்தை அவளே அன்பரசனுக்கும் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது: இலையின் ஓரத்தில் பல் வெட்டு இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். விஜயகுமாரி உடனே ஊசியை எடுத்து உட்கார்ந்தாள்.

கடைசியில் கிளை பாத்ரூம் பக்கமே நின்றது. அடுத்த லீவு நாளில் எழிலரசி நேரிலேயே வந்தாள். வேம்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்து, ஃபேஷியல் போடு என்றாள். விஜயகுமாரி முகம் நிறையப் பேக்கைப் பூசி, காயும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளையிட்டாள்.

எழிலரசி வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டி, ஆள்காட்டி விரலால் தாழ்ந்த கிளையைக் காட்டி, பிறகு அந்த விரலைக் கேன்டீன் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள்.